குடித்துவிட்டு ஓட்டியவர் ஒருவர், பொறுப்பாளிகள் யார் யார்?

2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரோடு சேர்த்து, அவருடன் வண்டியில் போகிறவருக்கும் அபராதம் உண்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு சொட்டுகூடக் குடிக்காதவராக இருந்தாலும் பத்தாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். "அவன் குடிச்சதுக்கு நான் ஏன் கட்டணும்?" என்று அப்போது பலரும் கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் காவல்துறை புதிதாகச் சட்டம் எதுவும் போட்டுவிடவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 188ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அபாயகரமாக ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, ஓட்டத் தகுதியற்ற உடல்நிலையில் ஓட்டுவது ஆகிய குற்றங்களுக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அந்தக் குற்றத்துக்குரிய அதே தண்டனை என்கிறது அது. முப்பது வருடத்துக்கும் மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருந்த பிரிவைத்தான் காவல்துறை எடுத்துத் தூசி தட்டியது.

சரி, வெறுமனே பின்னால் உட்கார்ந்திருப்பது உடந்தையா? குற்றத்தைத் தூண்டுவது, சேர்ந்து திட்டமிடுவது, தெரிந்தே உதவி செய்வது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால்தான் உடந்தை. பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தவரை இதற்குள் கொண்டுவர முடியுமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் "மெயின் ரோட்ல போலீஸ் நிக்கிறாங்க, சந்து வழியா போடா" என்று வழி சொல்லும் நண்பர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தச் சிக்னலில் சோதனை நடக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் தகவல் போடுகிறவரும் தெரிந்தேதான் உதவுகிறார்.

இந்த விஷயத்தில் யார் பொறுப்பு என்று யோசிக்கும்போது, யார் குடித்தார் என்பதோடு நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் யார் யார் நிதானத்தில் இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். குடித்தவரின் பகுத்துப் பார்க்கும் திறனைத்தான் மது முதலில் பறிக்கிறது. "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்று அவர் சொல்வது பெரும்பாலும் பொய் அல்ல, அவர் உண்மையாகவே அப்படி நம்புகிறார். அதனால்தான் அவருடைய கணிப்பை அந்த நேரத்தில் அவரும் சரி, கூட இருப்பவர்களும் சரி, நம்பக் கூடாது.

எவ்வளவு குடித்தால் குற்றம் என்பதிலேயே நம்மூரில் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. சட்டத்தின் 185ஆவது பிரிவு சொல்லும் வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். நம் கடைகளில் கிடைக்கும் பிராந்தி, விஸ்கி, ரம் பாட்டில்களில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கும். 'கட்டிங்' எனப்படும் 90 மில்லியில் மட்டும் ஏறக்குறைய 30 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் ரத்தத்தில் அது அளவை 50, 60 மில்லிகிராம் வரை கொண்டுபோகும். அதாவது ஒரே ஒரு கட்டிங்கிலேயே வரம்பு தாண்டிவிடுகிறது. "ஒரு கட்டிங்தானே" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

குவார்ட்டர், அதாவது 180 மில்லி என்றால் அளவு நூறு மில்லிகிராமைத் தாண்டும். உடல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் குறைக்கும். மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. இரவு பத்து மணிக்குக் குவார்ட்டரை முடித்தவர் வரம்புக்குள் வர விடிகாலை நான்கு மணி ஆகலாம். 375 மில்லி, அதாவது 'ஆஃப்' அடித்தவர் மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குளித்துச் சட்டை மாட்டி அலுவலகம் கிளம்பும்போதும் சட்டப்படி குடிபோதையில்தான் ஓட்டுகிறார். உடல்வாகு, சாப்பாடு, பழக்கம் இவற்றைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் சீக்கிரம் ஏறும்.

இப்போது ஓட்டியவரின் பொறுப்புக்கு வருவோம். போதையில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 86ஆவது பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 24ஆவது பிரிவும் சொல்வது ஒன்றே. தானாக விரும்பிக் குடித்தவருக்கு, குடிக்காமல் இருந்தால் என்னென்ன தெரிந்திருக்குமோ அவ்வளவும் தெரிந்திருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒருவருக்குத் தெரியாமலோ அவருடைய விருப்பத்துக்கு எதிராகவோ கொடுத்திருந்தால் மட்டுமே விதிவிலக்கு. இதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. வண்டியில் சாவியைத் திருகிய நொடியில் அவர் நிதானத்தில் இல்லை, உண்மை. ஆனால் மாலை ஏழு மணிக்கு, நண்பர்களோடு குடிக்கப் போகிறோம் என்று தெரிந்தே வீட்டிலிருந்து பைக்கை எடுத்தபோது முழு நிதானத்தில் இருந்தார். குற்றம் அங்கேதான் தொடங்குகிறது. ஆட்டோவில் போயிருக்கலாம். ஆக்டிங் டிரைவருக்குச் சொல்லி வைத்திருக்கலாம். எப்படியாவது திரும்பி வந்துவிடலாம் என்று விட்ட அந்த முடிவு நிதானமாக எடுத்த முடிவு.

2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் சாலையில், நடைபாதையில் படுத்திருந்த ஏழு தொழிலாளர்கள் கார் ஏறி இறந்தார்கள். அந்த வழக்கில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இதை வெறும் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று பார்க்க மறுத்தது. குடித்துவிட்டு இப்படி ஓட்டினால் உயிர் போகும் என்ற அறிவு ஓட்டியவருக்கு இருந்தது, ஆகவே இது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்றது. அந்தப் பிரிவில் பத்தாண்டு வரை சிறை விதிக்க முடியும். அந்த வழக்கில் நிலைத்தது மூன்றாண்டுகள்தான். ஏழு உயிருக்கு மூன்றாண்டு என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனாலும் குடித்து ஓட்டிக் கொல்வதை விபத்து என்று சொல்லித் தள்ளிவிட முடியாது என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

அடுத்து வண்டியின் சொந்தக்காரர். இவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை, ஆனால் பண விஷயத்தில் பெரிய அடி இவருக்குத்தான் விழும். உங்கள் காரை நண்பர் கேட்கிறார், அவர் குடித்திருப்பது தெரிந்தும் சங்கடப்பட்டுச் சாவியைக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் யார்மீதாவது மோதிவிடுகிறார். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட வேண்டும். ஓட்டியவர் குடித்திருந்தார் என்பதைக் காட்டி, செத்தவரின் மனைவி மக்களைக் கைவிட முடியாது. ஆனால் கதை அதோடு முடிவதில்லை. கொடுத்த பணத்தை வண்டியின் உரிமையாளரிடமிருந்தும் ஓட்டியவரிடமிருந்தும் நிறுவனம் திரும்ப வசூலித்துக்கொள்ளலாம் என்று 2023இல் கேரள உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இறந்தவர் சம்பாதிக்கும் வயதில் இருந்தவர் என்றால் தொகை பல லட்சம், சில நேரம் கோடியைத் தொடும். சாவி கொடுத்தவரின் வீடும் நிலமும் அதில் போகலாம்.

வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கோ எதுவும் கிடைக்காது. 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான விலையுயர்ந்த கார் மோதி நொறுங்கியது. காப்பீடு கேட்டு நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 ஏப்ரலில் காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பானது. மூச்சுச் சோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்யப்படாவிட்டாலும், ஓட்டியவர் போதையில் இருந்தார் என்பதைச் சூழ்நிலைகளைக் கொண்டு நிறுவ முடியும் என்று நீதிமன்றம் அதில் சொன்னது. வண்டியின் சொந்தக்காரரே ஓட்டுநராக இருந்து இறந்துபோனால் அவர் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய தனிநபர் விபத்துக் காப்பீடும், அவர் போதையில் இருந்தார் என்றால் பொதுவாகக் கிடைக்காது. குடும்பம் ஆளையும் இழந்து காப்பீட்டையும் இழக்கிறது.

ஓட்டியது சிறுவன் என்றால் சட்டம் இன்னும் கடுமையாகிறது. 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறை, 25 ஆயிரம் ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. அந்தச் சிறுவனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது.

இந்தச் சங்கிலி முழுவதையும் ஒரே இடத்தில் காட்டிய சம்பவம் புனேயில் நடந்தது. 2024 மே 19 அதிகாலை, கல்யாணி நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் ஒரு பைக்கில் மோதியதில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். காருக்கு நிரந்தரப் பதிவே செய்யப்படவில்லை. அதற்குக் கட்ட வேண்டியிருந்த தொகை 1,758 ரூபாய்தான். சிறார் நீதி வாரியம் சில மணி நேரத்தில் ஜாமீன் கொடுத்தது. சாலை விபத்துகள் குறித்து 300 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று. நாடே கொதித்துப்போனது.

அதற்குப் பிறகு வெளிவந்தவைதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். மகனுக்குக் கார் கொடுத்ததாகத் தந்தை கைதானார். சிறுவனுக்கு மது பரிமாறியதாக பார்களின் உரிமையாளர், மேலாளர்கள் கைதானார்கள். குற்றத்தை ஏற்றுக்கொள்ளும்படி குடும்பத்தின் டிரைவரை மிரட்டியதாகத் தாத்தாமீது வழக்குப் பதிவானது. சிறுவனின் ரத்த மாதிரியை மாற்றிவிட்டதாக அரசு மருத்துவமனை மருத்துவர்கள் இருவர் கைதானார்கள். மாற்றி வைக்கப்பட்டது தாயின் ரத்தம் என்று காவல்துறை சொன்னது, தாயும் கைதானார். எல்லாம் குற்றச்சாட்டுகள். ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள். போதையில் இருந்ததாகச் சொல்லப்படுவது காருக்குள் இருந்தவர்களைத்தான். சாவியில் தொடங்கி ரத்தக் குப்பி வரை மற்ற ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுத்தவர்கள் நிதானத்தில் இருந்த பெரியவர்கள்.

ரத்தப் பரிசோதனை எவ்வளவு முக்கியம் என்பதை இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். 2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் மது, போதைப்பொருள் காரணமாக என்று பதிவானவை சுமார் 2.5 சதவீதம்தான். அதிவேகம் என்று பதிவானவையோ எழுபது சதவீதத்துக்கு மேல். குடித்துவிட்டு அதிவேகமாக வந்து மோதியவர் எந்தக் கணக்கில் சேர்கிறார்? சோதனை நடந்தால்தான் மதுக் கணக்கில் சேர்வார். 185ஆவது பிரிவில் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். நள்ளிரவில், கிராமப்புற நெடுஞ்சாலையில், காயம்பட்டவரை ஆம்புலன்சில் ஏற்றிய பிறகு இதெல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று யாரும் நம்புவதற்கில்லை. அதனால் அந்த 2.5 சதவீதத்தை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது விற்றவர். தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு, ஏனென்றால் இங்கே விற்பவர் அரசு. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை முழுவதையும் கையில் வைத்திருக்கிறது. 2024-25 நிதியாண்டில் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியுமாக அரசுக்கு வந்தது 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். கடை திறப்பது பகல் பன்னிரண்டு மணிக்கு, மூடுவது இரவு பத்து மணிக்கு. பத்து மணி நெருங்கும்போது எந்தக் கடை வாசலிலும் பைக்குகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே பார், டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், ஒரு தட்டு சுண்டல். பத்து மணிக்கு ஷட்டர் இறங்கியதும் அத்தனை பைக்குகளும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. சற்றுத் தள்ளி, அடுத்த சந்திப்பில், மூச்சுக் கருவியோடு போலீஸ்காரர் நிற்கிறார். குடிக்க விற்றதும் அரசு, குடித்ததற்குப் பிடிப்பதும் அரசு. நடுவில் இருக்கும் தூரத்துக்குத்தான் யாரும் பொறுப்பில்லை.

இந்தப் பொறுப்பைச் சட்டத்தின் வழியாகத் தொட்டுப் பார்த்த முயற்சி ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே போனது. நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை அகற்றக் கோரி பாமகவைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. தமிழ்நாடு அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நாடு முழுவதற்கும் பொருந்தியது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது, கடை கண்ணில் படவும் கூடாது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன.

அப்புறம் நடந்ததுதான் வேதனை. மூடிய கடைகளை ஊருக்குள் திறக்கப் பார்த்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரம் உட்படப் பல ஊர்களில் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், அடியும் வாங்கினார்கள். பல மாநிலங்களில் நெடுஞ்சாலைகளையே உள்ளூர்ச் சாலை என்று பெயர் மாற்றும் வேலை நடந்தது. கேரளத்தில் ஒரு பார், வாசலுக்குப் போகும் பாதையைச் சுற்றிச் சுற்றி வளைத்துக் கட்டி தூரக் கணக்கைச் சரிக்கட்டியது. 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கம் கொடுத்தது. தீர்ப்பின் நோக்கம் உயர்ந்தது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சாலைக்கும் கடைக்கும் இடையிலான தூரத்தை அளந்தார்களே தவிர, கடைக்கும் குடிப்பவரின் வீட்டுக்கும் இடையிலான தூரத்தை அவர் எப்படிக் கடக்கிறார் என்று எவரும் கேட்கவில்லை.

ஜப்பான் அந்தக் கேள்வியைக் கேட்டது. 2006 ஆகஸ்டில் ஃபுகுவோகா நகரில், குடித்துவிட்டு ஓட்டிய நகராட்சி ஊழியர் ஒருவரின் கார் பாலத்தின்மேல் ஒரு குடும்பம் சென்ற வண்டியில் மோத, அது கடலுக்குள் விழுந்து மூன்று சின்னக் குழந்தைகள் இறந்தார்கள். மறு ஆண்டே சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டது. குடித்தவருக்கு வண்டி கொடுப்பவருக்கு ஓட்டியவருக்குள்ள அதே தண்டனை. ஓட்டப் போகிறார் என்று தெரிந்தே மது கொடுத்தவருக்கும், தெரிந்தே உடன் பயணம் செய்தவருக்கும், ஓட்டியவர் கடும் போதையில் இருந்தால் மூன்றாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். அங்கே உணவகத்தில் மது கேட்டால், வண்டியில் வந்தீர்களா என்று பரிமாறுபவர் கேட்பது இயல்பாகிவிட்டது. குடித்தவரையும் அவருடைய காரையும் வீட்டில் கொண்டுசேர்க்க வாடகை ஓட்டுநர் சேவைகள் இருக்கின்றன.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் முதலில் மாட்டுவது யார் என்றும் யோசிக்க வேண்டும். கம்பி வலைக்குப் பின்னால் நின்று, தொகுப்பூதியத்துக்கு வேலை பார்க்கும் கடை விற்பனையாளர் தலையில்தான் அது விடியும். அவருக்கு எதிரே நூறு கை நீண்டிருக்கிறது. யார் பைக்கில் வந்தார், யார் நடந்து வந்தார் என்று அவர் பார்க்க முடியாது. அவரைச் சிறையில் போடுவது அநியாயம். பொறுப்பு நிறுவனத்தின்மீதும், டெண்டர் எடுத்து பார் நடத்துபவர்மீதும் இருக்க வேண்டும். உட்கார்ந்து குடிக்க இடம் கொடுத்து அதில் லாபம் பார்ப்பவர், வெளியே நிற்கும் வண்டிகளைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. வண்டியை இரவு அங்கேயே விட்டுப்போக இடம், சாவியை வாங்கி வைக்க ஒரு ஆள், கூப்பிட்டால் வர ஆக்டிங் டிரைவர்களின் பட்டியல் ஆகியவற்றை பார் உரிமத்தின் நிபந்தனையாகவே வைக்கலாம்.

இப்படி ஒவ்வொருவரையும் பொறுப்பாக்கினால் ஓட்டியவரின் குற்றம் நீர்த்துப்போகாதா என்று சிலர் கேட்கிறார்கள். பொறுப்பு என்பது அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்ளும் சொத்து அல்ல, ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைவதற்கு. புனேயில் பார் மேலாளரைக் கைது செய்ததால் கார் ஓட்டியவரின் குற்றம் கடுகளவும் குறையவில்லை. ஓட்டியவர் முழுப் பொறுப்பாளி. தெரிந்தே சாவி கொடுத்தவரும் தன் செயலுக்கு முழுப் பொறுப்பாளி.

தண்டனையைக் கூட்டினால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2019 வரை இரண்டாயிரமாக இருந்த அபராதம் பத்தாயிரம் ரூபாய் ஆனது, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில மாதங்களிலேயே, கட்டாமல் விட்ட குடிபோதை அபராதங்களை வசூலிக்க சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை தனியாக அழைப்பு மையங்கள் வைத்து ஒவ்வொருவராகப் போன் செய்ய வேண்டியிருந்தது. தொகை பெரிதாக இருந்து, பிடிபடுவதும் கட்டுவதும் நிச்சயமில்லாமல் இருந்தால் பயம் வருவதில்லை.

உடனே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. விபத்து நடந்த இடத்திலிருந்தே போலீசார் விவரங்களைப் பதிவு செய்ய ஒரு செயலி இப்போது நாடு முழுவதும் புழக்கத்தில் உள்ளது, அதை உருவாக்கியதில் சென்னை ஐஐடிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் சில மாநிலங்களிலும் குடித்து ஓட்டிப் பிடிபடுபவரிடம், கடைசியாக எங்கே குடித்தீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்கிறார்கள். எந்தக் கடையிலிருந்து, எந்த பாரிலிருந்து மீண்டும் மீண்டும் போதையில் வண்டி கிளம்புகிறது என்பது அதில் தெரிந்துவிடும். இங்கேயும் அந்தச் செயலியில் இந்த ஒரு கேள்வியைச் சேர்த்து, கிடைக்கும் விவரத்தைக் கடைவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மற்ற பல மாநிலங்களில் இதற்கு ஆயிரக்கணக்கான தனியார் கடைக்காரர்களைத் துரத்த வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு டாஸ்மாக் கடைக்கும் ஏற்கெனவே ஓர் எண் இருக்கிறது.